கல்யாணத்துக்கு அப்பால

நம் பென்ஷன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து, "எந்தத் தேதியிலிருந்து பென்ஷன் என்பதில்தான் சார் எங்களுக்குக் குழப்பம்" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. ஏதோ ஒப்புக்கு ஒரு பதில் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் தெருமுனை திரும்பும்போதே அந்தப் பதில் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஆகவே இதை எழுதுகிறேன். நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

விதி உங்களுக்கே தெரியும். சண்டையில் ஊனப்பட்ட சிப்பாய் மனுப் போட்டால், ஊனம் இருக்கிறதா என்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். எப்போதிலிருந்து இருக்கிறது என்பது நம் தலையில் விழும். பட்டாளத்திலேயே வந்தது, அன்றுமுதல் விடாமல் இருக்கிறது என்று தெளிவானால், பட்டாளத்தை விட்டு வந்த மறுநாளிலிருந்து பென்ஷன். பட்டாளத்தில் வந்ததுதான், ஆனால் நடுவில் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், மனு நம் கைக்கு வந்த நாளிலிருந்து. வீடு திரும்பிய பிறகுதான் வந்தது என்று அவனே வாயால் சொல்லிவிட்டால் தேதியும் இல்லை, பென்ஷனும் இல்லை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் உத்தியோகத்தில் பாதி இதற்குள்ளேயே போயிற்று. மிஞ்சியது மூக்குக் கண்ணாடியும் அலுப்பும்தான்.

சங்கடம் எங்கே என்றால், மனிதர்கள் தேதி வைத்துக்கொண்டு வாழ்வதில்லை. பெரிய மழைக்கு முந்தி என்பான் ஒருவன். பெருநாள் முடிந்து என்பான் இன்னொருவன். எனக்குத் தொழில் பழக்கிய பெரிய குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன்; உயிரோடு இருந்தால் அதற்காகவே என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார். நான் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது இது: "ஓய், இவா யாரும் தேதி சொல்லமாட்டா. எதை வச்சுண்டு சொல்றான்னு பாரும். விஷயம் அங்கேதான் ஒளிஞ்சுண்டிருக்கும்." அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னியப்பன் வந்த பிறகுதான் விளங்கியது.

பெரிய சண்டை, அதாவது முதல் உலக யுத்தம், முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நம் ஆபீஸ் அப்போது தேனாம்பேட்டையில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மழை பெய்தால் முதலில் காகிதக் கட்டுகளைத் தூக்க வேண்டும், பிறகுதான் நம் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம். பட்டணத்துக் கொத்தனார்கள் எல்லாரும் அங்கே சாரத்தின்மேல்தான் நின்றார்கள். நீங்கள் காபி குடித்துவிட்டுப் போன என் வீடும் அந்த ஏரிக்குள்தான் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் வராந்தாவிலிருந்து ஒரு பெண்ணின் கத்தல் என் மேஜைவரை கேட்டது.

"குந்துய்யா! இங்க குந்து! கூப்டுவாங்க!"

பியூன் தலையில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் மந்தைவெளிக்காரர். "எங்க தெரு ஆளுங்கதான் சார். கன்னியப்பன்னு கொத்தனாரு, பட்டாளத்துக்குப் போய் வந்தவரு. பாவம், ரெண்டு காதும் கேக்காது. அது அவரு பொண்டாட்டி அஞ்சலை. சரியான பஜாரி."

"காது கேட்காத புருஷன்கிட்ட கத்தாம என்ன பண்ணுவா?" என்றேன்.

"காது இப்பதான் சார் போச்சு, ரெண்டு வருஷமா. இவ கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே இப்டித்தான். ராப்பகலா தெருவே கேக்கும்."

தெரு வம்பு என்று நினைத்து நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

கன்னியப்பன் உயரமான ஆள். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு ஏறி வெளுத்திருந்தது. உட்கார்ந்ததும் என் வாயையே பார்க்கத் தொடங்கினார். அஞ்சலை அவருடைய வலது பக்கம் நின்றுகொண்டாள். நான் கேட்பதை அவள் கத்திச் சொல்வாள். அவர் பதில் சொல்வார். பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரையில் பக்கத்திலேயே குண்டு விழுந்து, இருந்த இடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டிருக்கிறார். பட்டாளத்தை விட்டு வரும்போது, ஏதாவது குறை உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"எல்லாரும் அப்டித்தான் சார் சொன்னோம்" என்றார். "குறைன்னு சொன்னா ஆஸ்பத்திரில போட்டுடுவாங்க. ஊருக்குப் போற கப்பலு கண்ணு முன்னாடி நின்னுகினு கீது. யாரு சொல்லுவா?"

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாங்கள் பார்த்த மனுக்களில் முக்கால்வாசி இந்தக் கப்பலில்தான் தட்டிப்போகும். இப்போது பார்த்த டாக்டர்களோ, காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, எப்போது கிழிந்தது என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டார்கள். ஆக, எல்லாம் கன்னியப்பன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு பதிலில் நின்றது.

"எப்போதிலிருந்து காது கேட்கவில்லை என்று கேள்."

அஞ்சலை கத்தினாள். அவர் தயங்கவே இல்லை.

"கல்யாணத்துக்கு அப்பாலதான் சார். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் கேட்டுது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லும்மா. அப்படி எழுதினால் இந்த மனு நிற்காது. ஊர் திரும்பிய பிறகு வந்த செவிடு என்று ஆகிவிடும். பென்ஷனே கிடையாது."

அவள் சொன்னாள். இந்த முறை அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்பாலதான்" என்றார்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம் கத்தியவளா இவள் என்று தோன்றும்படி மெதுவான குரல். "அவரு சொல்றபடியே எழுதிக்கோங்க சார்."

இதில் அவர்களுக்கு என்ன போகும் என்பதைச் சொல்ல வேண்டும். மாம்பலத்தில் வேலை நடக்கும்போது மேலிருந்து ஒரு சார மரம் நழுவியிருக்கிறது. எல்லாரும் கூச்சல் போட்டும் இவர் நகரவில்லை. ஒரு சித்தாள் ஓடிவந்து தள்ளியதால் தலை தப்பியது. அதோடு சாரத்தில் ஏறக்கூடாது என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். அந்த மேஸ்திரிதான் அஞ்சலையின் தகப்பனார். வேறு எந்த மேஸ்திரியும் சேர்க்கவில்லை. சின்னச் சின்னதாகக் குழந்தைகள். இந்தப் பென்ஷன் ஒன்றுதான் வழி, அதையும் அந்த மனிதர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. மனுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு பெரிய குமாஸ்தாவிடம் போய், "தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் பொடி டப்பியை மூடி வைத்தார். "நீர் காதைப் பத்திக் கேட்டீர். அவன் கல்யாணத்தைப் பத்திப் பதில் சொல்றான். ஏன் ஓய்?"

நான் மனுவை மறுபடி புரட்டினேன்.

"சண்டைக்கு அப்பாலன்னு சொல்லலாம். கப்பலுக்கு அப்பாலன்னு சொல்லலாம். இவனை யார் கல்யாணத்தைக் கேட்டா? சாட்சிக்கு யாரைப் போட்டிருக்கான்?"

ஊர் திரும்பிய நாள்முதல் மனுதாரரை அறிந்த பெரிய மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். கன்னியப்பன் போட்டிருந்தது மாமனார் மேஸ்திரியை.

"சரியாப் போச்சு. பொண்ணு பார்க்கப் போனப்போவே காது மந்தம். சொல்லலை. சொன்னா யார் பொண்ணு கொடுப்பா? இப்போ அப்பவே செவிடுன்னு எழுதினா, மாமனார் அதைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். பென்ஷன் போனாலும் போகட்டும், அந்த மனுஷன் முகத்துல முழிக்கணுமேன்னு இருக்கான்."

"இப்போது என்ன செய்வது?"

"மேஸ்திரியை வரச் சொல்லும். ஒண்ணு மட்டும் சொல்றேன். அவருக்குப் புரியாம அவர்கிட்டேர்ந்து ஒரு கையெழுத்தும் வாங்கப்படாது. அப்படிச் சம்பாதிச்ச தேதி நமக்கு வேண்டாம்."

குறித்த நாளில் மூன்று பேரும் வந்தார்கள். மேஸ்திரி நரைத்த மீசையும் கையில் குடையுமாக, ஆபீஸுக்கே அஸ்திவாரம் போட்டவர் மாதிரி நடந்து வந்தார். மருமகனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அஞ்சலை வராந்தாவில் நின்றாள். மருமகனை எப்போதிலிருந்து தெரியும் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"எம் மருமவன் தங்கம் சாமி. பொண்ணு பாக்க வந்தான் பாரு, பட்டாளத்த வுட்டு வந்து ஒரு மாசம்கூட ஆவல. வெத்தலத் தட்ட முன்னாடி வச்சிட்டு, 'சுண்ணாம்பு போதுமா'ன்னு கேட்டேன். அதுக்கு இவன் இன்னா சொன்னான்ற? 'ஆவணியிலயே வச்சிக்கலாம்'ன்றான்! அவ்ளோ அவசரம் மாப்பிளைக்கு! கூடியிருந்த சனமெல்லாம் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சிது. இந்தக் கதைய நான் சொல்லாத கல்யாணம் கெடையாது சாமி, எங்க பக்கத்துல எவனை வேணா கேட்டுப் பாரு."

பியூன் சிரித்தார். அவருக்கும் அந்தக் கதை மனப்பாடம். நானும் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, ஏன் என்று தெரியாமல், கொஞ்சம் பின்தங்கிக் கன்னியப்பனும் சிரித்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு வேண்டியதெல்லாம் கையில் வந்து விழுந்துவிட்டது. ஊர் திரும்பிய சூட்டோடு, எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டது இவர் காதில் விழவில்லை. அதை அவர் சொன்னபடியே எழுதி நீட்டினால் போதும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, தேதியும் கிடைத்துவிடும். பேனா மையில் தோய்ந்திருந்தது. பக்கத்து மேஜையில் பெரிய குமாஸ்தா தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு சமயம் வரும். அப்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"மேஸ்திரி" என்றேன். "நீங்க சுண்ணாம்பைக் கேட்டதுக்கு அவர் ஏன் ஆவணின்னு சொன்னார்?"

"அதான் சொன்னனே சாமி, கல்யாண அவசரம்…"

பாதியில் நின்றுவிட்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் சற்று நேரம் மிச்சம் இருந்தது. மெல்ல மருமகன் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டது அவனுக்குக் கேக்கலயா?"

மேஸ்திரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "செவிட்டு ஆளு கைலயா எம் பொண்ணப் புடிச்சிக் குடுத்தேன்? ஏன்டா, தெரிஞ்சே ஏமாத்திட்டியாடா?"

கன்னியப்பனுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் இந்த முகத்தை அவர் இத்தனை வருஷம் மனத்துக்குள் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். பட்டாளத்தில் குண்டுக்கு நடுவே பாலம் போட்ட மனிதர் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

அஞ்சலை உள்ளே வந்தாள். கத்தவில்லை. "குந்து நைனா. எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும் உனுக்கு?"

"அன்னிக்கே தெரியும். கதவாண்ட நின்னு பாத்துகினுதானே இருந்தேன். நீ பேசறப்போ அவரு உன் வாயயே பாத்துகினு இருந்தாரு. வெத்தல எடுக்க நீ குனிஞ்ச. அவருக்கு வாய் தெரியல. கல்யாணத்தப் பத்திதான் கேக்குறன்னு நெனச்சி ஆவணின்னுட்டாரு."

"தெரிஞ்சா ஒத்துகின?"

"எல்லாரும் சிரிச்சீங்க. அவரு மட்டும் இன்னான்னே தெரியாம முழிச்சிகினு இருந்தாரு. எனக்கு மனசு கேக்கல நைனா. அப்பால அவரும் வாயத் தொறந்து சொல்லல, நானும் கேக்கல. தெருவுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான் பாத்துகினேன்."

மேஸ்திரி உட்கார்ந்தார். வெகுநேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நீ கத்தினதெல்லாம்?" என்றார்.

அவள் புருஷனைக் கையால் காட்டினாள்.

"புருஷன்கிட்ட இப்டியா கத்துவன்னு, தெருவே பாக்க உன்ன அடிச்சேனே?"

"அடிச்ச" என்றாள். அவ்வளவுதான்.

கன்னியப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவராண்ட இன்னாமே சொன்ன?" என்று கேட்டார். அஞ்சலை அவருக்கு நேரே வந்து நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரே வார்த்தைதான், அதனால் என்னாலும் படிக்க முடிந்தது. 'தெரியும்.' அவர் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பியூன் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தார்.

"எழுது சாமி" என்றார் மேஸ்திரி. "அன்னிக்கே கேக்கலன்னு எழுது." எழுதினேன். வரிவரியாக வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மருமகனையும் பார்க்காமல் மகளையும் பார்க்காமல், குடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போனார். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை.

கட்டு மேலே போனதும், எதிர்பார்த்தபடியே கேள்வியோடு திரும்பி வந்தது. காது கேட்கவில்லை என்பதற்குக் கல்யாணப் பேச்சா சாட்சி என்று எங்கள் வெள்ளைக்காரத் துரை பென்சிலால் கிறுக்கியிருந்தார். பெரிய குமாஸ்தாதான் பதில் எழுதினார். பென்ஷனுக்காகச் சொன்ன கதை என்றால் மனுப் போட்ட பிறகுதான் பிறந்திருக்கும். இதுவோ மனுவைப் பற்றி யாரும் நினைக்காத காலத்திலிருந்து ஊர்க் கல்யாணங்களில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்பட்டுவந்த கதை. சொன்னவருக்கே அதன் அர்த்தம் தெரியாது. இதைவிட நேர்மையான சாட்சி இருக்க முடியாது என்று எழுதினார். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்காகச் சொல்லப்படுவதைவிட, நாம் கேட்பதற்கு முன்பே சொல்லப்பட்டது பெரியது. துரை மறுபேச்சுப் பேசவில்லை. பட்டாளத்தை விட்டு வந்த மறுநாளே தேதி என்று முடிவாயிற்று.

அதைச் சொல்ல அவர்களை வரச் சொல்லியிருந்தேன். அஞ்சலை கேட்டுக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பிப் பங்களாவே அதிரக் கத்தினாள்: "பட்டாளத்த வுட்டு வந்த நாள்லேர்ந்தேவாம்யா! அன்னிலேர்ந்தே குடுக்குறாங்களாம்!"

அடுத்த அறையில் யாரோ புதிதாக வந்த குமாஸ்தா, "யார் ஓய் இந்த பஜாரி?" என்று சிரித்தான். எங்கள் பியூன் விருட்டென்று அந்த அறைக்குள் போனார். சிரிப்பு நின்றது.

அவளுக்கும் அது கேட்டிருந்தது. அவளுக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே. கோபப்படவில்லை. புறப்படும்போது என் மேஜையருகில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவருக்குத் தேதி போட்டுட்டீங்க சார். என்னைப் பஜாரின்னு சொல்றாங்களே, அந்தப் பேர எந்தத் தேதிலேர்ந்து எடுப்பீங்க?"

எத்தனையோ பேருக்குத் தேதி போட்டுவிட்டேன். அவளுக்கு மட்டும் நான் இன்னும் போடவில்லை.